சயானோடு நிற்கும் ஆட்டோ: டிராம்பேயில் நோயுற்ற நாயும் வீட்டு மருத்துவமும்

டிராம்பேயிலிருந்து புறப்படும் ஆட்டோரிக்ஷா சயானைத் தாண்டிப் போகாது. மும்பையின் பழைய தீவு நகருக்குள் ஆட்டோக்களுக்கு அனுமதி இல்லை. சீட்டா கேம்ப்பில் ஒரு நாய்க்குட்டி இரத்தக் கழிச்சலில் துவண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதைப் பழைய சேலையில் சுற்றி மடியில் கிடத்தியபடி பரேலுக்குக் கிளம்புபவர் சயான் பகுதியில் இறங்க வேண்டும். பின்னர், வாந்தியும் கழிச்சலுமாக இருக்கும் நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கிற ஒரு டாக்சிக்காரரைத் தேட வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்கே 1883இல் தொடங்கப்பட்ட பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. இன்னும் சற்றுத் தள்ளி மகாலட்சுமியில், டாட்டா அறக்கட்டளைகள் 165 கோடி ரூபாய்ச் செலவில் 98,000 சதுர அடிப் பரப்பில் எழுப்பி 2024இல் திறந்த சிறுவிலங்கு மருத்துவமனை இருக்கிறது. இரண்டுமே நகரத்தின் பெருமைகள்தாம். ஆனால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கடந்து ஒருமுறை போய்வந்தால் தீர்ந்துவிடும் நோயன்று அது. மறுநாளும் போக வேண்டும். அதற்கு மறுநாளும் போக வேண்டும்.

மகாலட்சுமி மருத்துவமனையின் முன்கதையில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. அதற்கு முதலில் குறிக்கப்பட்ட இடம் நவி மும்பையின் களம்போலி. நோயுற்ற விலங்கோடு அவ்வளவு தொலைவு பயணம் செய்வது அதனை வளர்ப்பவர்களுக்குப் பெருந்துன்பமாகும் என்று ரத்தன் டாட்டா கருதியதால் திட்டம் நகருக்குள் மாற்றப்பட்டது. தொலைவு என்பது வசதிக்குறைவு மட்டுமன்று, அது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அம்முடிவு ஏற்றுக்கொண்டது. அதே அளவுகோலை டிராம்பேயில் நின்று பிடித்துப் பார்த்தால், மகாலட்சுமியும் ஒரு களம்போலிதான்.

ஆகவே டிராம்பேயில் கடும் நோயுற்ற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவமனை என்பது வீடே. வீடு என்பதும் பல நேரங்களில் வாசற்படியோ சந்தின் முனையோதான். கால்நடை மருத்துவம் இந்த உண்மையை இன்னும் தன் பாடத்துக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. 'வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒருவர் சொல்லும்போது, அது கைவிட்டதன் மறுபெயராகவே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. மருத்துவமனையில் சேர்ப்பது அக்கறை, வீட்டில் வைத்திருப்பது இயலாமை என்ற இந்தப் பகுப்பு தவறானது. மருத்துவச் சான்றுகளின் அடிப்படையிலும் அது தவறானது.

பார்வோ வைரஸையே எடுத்துக்கொள்ளலாம். 1978இல் இனங்காணப்பட்ட இந்த நோய், தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாள்களில் கொன்றுவிடுகிறது. வைரஸை நேரடியாக வீழ்த்துகிற மருந்து வழக்கமான சிகிச்சையில் இல்லை. குட்டி இறப்பது பெரும்பாலும் நீரிழப்பாலும், சர்க்கரை குறைவதாலும், புண்ணான குடலின் வழியே பாக்டீரியா இரத்தத்துக்குள் புகுவதாலும்தான். அதனால் சிகிச்சை என்பது உடலைச் சில நாள்கள் தாங்கிப் பிடித்திருப்பது. நரம்பு வழியாக இடைவிடாமல் சலைன் ஏற்றி உள்நோயாளியாக வைத்திருப்பதே பாடநூல் சொல்லும் முறை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதற்கு மாற்றாக ஒரு வெளிநோயாளி முறையை வகுத்து, 2017இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். 40 நாய்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அனைத்துக்கும் முதலில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, குறைந்திருந்த சர்க்கரையைச் சரிசெய்தனர். அதன்பின் 20 நாய்களுக்கு வழக்கமான உள்நோயாளிச் சிகிச்சை. மற்ற 20 நாய்களுக்குத் தோலுக்கடியில் செலுத்தும் திரவம், நீண்ட நாள் வேலை செய்யும் ஆண்டிபயாட்டிக் ஊசி ஒன்று, நாளுக்கு ஒருமுறை வாந்தியைக் கட்டுப்படுத்தும் ஊசி. முதல் குழுவில் 18 நாய்கள் பிழைத்தன. இரண்டாம் குழுவில் 16 பிழைத்தன.

இந்த எண்களை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். இருபதில் இரண்டு என்ற வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. அதே வேளையில் இரண்டு முறைகளும் சமம் என்று நிறுவ 40 நாய்கள் போதா. அதைவிட முக்கியமான ஒன்று, 'வெளிநோயாளி' எனப்பட்ட நாய்களும் ஆய்வுக் காலம் முழுவதும் மருத்துவமனைக் கூண்டிலேயே இருந்தன என்பது. அவற்றுக்கு ஊசி போட்டவை பயிற்சி பெற்ற கைகள். குட்டி குளிர்ந்துபோனாலோ சர்க்கரை மேலும் குறைந்தாலோ உடனே கண்டுகொள்ள ஆள் இருந்தது. எனவே அந்த ஆய்வு மெய்ப்பித்தது வீட்டை அன்று. வீட்டில் செய்யத்தக்க அளவுக்கு எளிமையாக்கப்பட்ட ஒரு சிகிச்சையை. வீட்டுக்கு அந்தக் கைகளையும் அந்தக் கண்ணையும் யார் கொடுப்பது என்ற கேள்வியை அது திறந்தே விட்டுவிட்டது. டிராம்பேயில் எழ வேண்டிய ஆய்வுக் கேள்வி இதுதான்.

சீட்டா கேம்ப் யாருடைய இடம் என்பதைச் சிறிது நினைவூட்டுவது தேவை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விரிவாக்கத்துக்காக ஜனதா காலனி 1976 மே மாதத்தில், நெருக்கடிநிலையின்போது, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் கழிமுகச் சதுப்பை ஒட்டிய இந்த நிலத்தில் கொண்டுவந்து விடப்பட்டனர். அந்த வெளியேற்றத்தை ஆண்டுக்கணக்காக எதிர்த்து நின்ற ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். குடியேறியவர்களிலும் தமிழர் கணிசமானோர். இவர்களின் வார்டான எம்-கிழக்கு, 2009ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரத்தின் கடைசி இடத்தில் இருந்தது. அதே வார்டில்தான் நாட்டின் தலையாய அணு ஆராய்ச்சி நிலையமும், தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் கழகமும் இருக்கின்றன. அறிவு உற்பத்தியில் இந்த வார்டுக்குக் குறைவே இல்லை.

இப்படியொரு வீட்டில் சிகிச்சை எப்படி நடக்கும்? சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் ரிங்கர் லாக்டேட் பாட்டில் தொங்கும். தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செருகித் திறந்தால் திரவம் இறங்கும்; எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு எழும்; சில மணி நேரத்தில் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டிலை முன்னதாக வெந்நீரில் வைத்து உடற்சூட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அளவை மருத்துவர் குறித்துத் தர வேண்டும். ஈறு ஈரமாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் உடனே படிகிறதா என்று பார்க்கலாம். காய்கறிக்கடைத் தராசில் குட்டியைத் தினமும் நிறுக்கலாம். இவற்றில் எதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கடினமன்று. குழந்தைக்குக் கழிச்சல் வந்தபோது ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கரண்டியால் ஊட்டிய அனுபவம் இந்த வீடுகளில் எல்லாப் பெண்களிடமும் உண்டு. அந்த அனுபவத்தின் மீது கட்டப்பட வேண்டிய அறிவு இது.

உணவைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலைபெற்றிருக்கிறது. வாந்தி நிற்கும்வரை எதுவும் கொடுக்கக் கூடாது என்பது பழைய விதி. தென்னாப்பிரிக்காவில் பார்வோ நாய்களிடம் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு அதைத் தலைகீழாக்கியது: சிகிச்சை தொடங்கிய 12 மணி நேரத்திலேயே குழாய் வழியாகச் சிறிது சிறிதாக உணவு பெற்ற நாய்கள், பட்டினி போடப்பட்டவற்றைவிட விரைவில் தேறின. மூக்கில் குழாய் விடுவது வீட்டு வேலையன்று. ஆனால் பட்டினியே மருந்து என்ற அறிவுரையோடு குட்டியை வீட்டுக்கு அனுப்புவதற்கு இனி நியாயமில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு தானாகவே எழுகிறது. தமிழகக் கிராமத்தில் சினைமாட்டுக்குக் காய்ச்சல் என்றால் யாரும் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போவதில்லை. மருத்துவரோ கால்நடை ஆய்வாளரோ தொழுவத்துக்கு வருகிறார். 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும் ஏற்பாடும் இன்று உண்டு. இந்தியக் கால்நடை மருத்துவம் தொடக்கத்திலிருந்தே வீடு தேடிப் போகும் மருத்துவமாகத்தான் வளர்ந்தது. நாயிடம் வந்தபோதுதான் அது மனித மருத்துவமனையைப் பார்த்து, கட்டடமும் உள்நோயாளிப் பிரிவுமாகத் தன்னை மாற்றிக்கொண்டது. மாடு பால் தருகிறது, நாய் தருவதில்லை என்பது இதற்கு விடையாகலாம். ஆனால் அது மருத்துவம் சார்ந்த விடையன்று.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருத்துவர் மட்டுமே கால்நடை மருத்துவம் செய்யலாம் என்கிறது. அதே பிரிவு, பட்டயமோ சான்றிதழோ பெற்ற பணியாளர்கள் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு மருத்துவப் பணிகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. இந்த ஏற்பாடு கிராமத்து மாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மான்கூர்த், கோவண்டி, டிராம்பே பகுதிகளில் அத்தகைய பணியாளர் சிலர் காலையும் மாலையும் சந்து சந்தாக நடந்து, முதல் ஊசியைத் தாமே போட்டு, இரண்டாவதை வீட்டாரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தால் என்ன? பரேலில் 1886 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் ஒரு பருவத்தைக் கட்டடத்துக்கு வெளியே செலவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை. மனித மருத்துவத்தில் இதற்கு முன்மாதிரி இந்தியாவிலேயே உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண, தணிப்புச் சிகிச்சை இயக்கம், கேரளம் முழுவதும் அக்கம்பக்கத்தாரைப் பயிற்றுவித்து, இறுதிக்கட்ட நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பியது. வீட்டில் பார்ப்பது அங்கே இரண்டாந்தரச் சிகிச்சையாகக் கருதப்படவில்லை. அதுவே சிகிச்சையின் வடிவமாக இருந்தது.

எனினும் வீட்டுப் பராமரிப்பைப் புகழ்ந்து எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. அந்த உழைப்பு யாருடைய தலையில் விழுகிறது என்பதை அது மறைத்துவிடும். அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகலும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, நாள்பட்ட நோயுள்ள நாய், பூனைகளை வளர்ப்போரை நலமான விலங்குகளை வளர்ப்போரோடு ஒப்பிட்டது. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உறவினரின் சுமையை அளக்க உருவான வினாநிரலையே சற்று மாற்றி அவர்கள் பயன்படுத்தினர். முதல் குழுவினரிடம் சுமையும் மன அழுத்தமும் மனச்சோர்வின் அறிகுறிகளும் தெளிவாகவே கூடுதலாக இருந்தன. சொந்த அறையும் சலவை இயந்திரமும் உடையவர்களின் நிலை இது. பின்னங்கால் செயலிழந்த ஒரு கிழநாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண், மழைக்காலமானால் அதில் புழு. சிறுநீரில் நனைந்த துணியை ஒரு நாளில் எத்தனை முறை துவைப்பது என்பது குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதைப் பொறுத்தது. செம்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் பெண்தான் பெரும்பாலும் அந்தத் துணியைத் துவைக்கிறார்.

2018 பிப்ரவரியில் பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் சார்லஸ் கையால் வாழ்நாள் சாதனை விருது பெறவிருந்த ரத்தன் டாட்டா, தம் நாய்களில் ஒன்று கடுமையாக நோயுற்றிருப்பதால் அதை விட்டுவிட்டு வர இயலாது என்று பயணத்தைக் கைவிட்டதாகச் சுகேல் சேத் பின்னாளில் சொன்னார். அவர் 2024 அக்டோபரில் மறைந்தபோது இந்த நிகழ்ச்சி பலராலும் பகிரப்பட்டது. அந்த முடிவு போற்றத்தக்கதுதான். ஆனால் அதே காரணத்தைச் சொல்லி ஒரு வீட்டுப்பணிப் பெண் இரண்டு நாள் வேலைக்கு வராவிட்டால், அது நெகிழ்ச்சியூட்டும் கதையாகப் பகிரப்படுவதில்லை, கூலி பிடிக்கப்படுகிறது. அந்த வீட்டில் வளரும் லாப்ரடாரை நாள்தோறும் நடக்கக் கூட்டிப்போவதும் சில சமயம் அவராகவே இருப்பார்.

தமிழ் மரபு நாயின் விசுவாசத்தை நன்றாகவே பதிவுசெய்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாயை வீரனோடு சேர்த்துச் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் சொல்கிறது. நாய் மனிதனுக்குச் செய்தது கல்லில் ஏறியது. சாகக் கிடந்த நாய்க்கு மனிதர் செய்தது எங்கும் ஏறவில்லை. அது கேட்பாரற்ற வீட்டு வேலைகளோடு சேர்ந்துவிட்டது. சீட்டா கேம்ப்பில் இசுலாமியர் வாழும் சந்துகளில் நாய் வீட்டுக்குள் வருவதில்லை. அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை முறைப்படி கழுவ வேண்டும் என்ற ஒழுக்கம் உண்டு. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் முகந்து கொடுத்தவர் இறைவனால் மன்னிக்கப்பட்டார் என்ற நபிமொழியும் அதே வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. அங்கே பராமரிப்பு வாசற்படிக்கு வெளியே நடக்கும், தனிக் கிண்ணத்தோடு. பல சந்துகளில் நாய்க்கு ஒற்றை உரிமையாளர் என்று யாரும் இல்லை. ஒரு வீடு சோறு வைக்கும், ஒரு வீடு சாக்கு விரிக்கும், ஊசிக்குப் பணம் நான்கு வீடுகளில் திரளும். 'வளர்ப்பு நாய்', 'தெருநாய்' என்ற இரண்டே கட்டங்கள் உள்ள எந்தப் படிவத்திலும் இது பொருந்தாது.

வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாத நோய் ஒன்று உண்டு: ரேபிஸ். திடீரென மாறிய குணம், தொங்கும் தாடை, விழுங்க இயலாமை, ஒழுகும் உமிழ்நீர் ஆகியவற்றைத் தொண்டையில் எலும்பு சிக்கியதாக எண்ணி வாய்க்குள் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். உலகில் ஆண்டுதோறும் ரேபிஸால் இறப்போர் சுமார் 59,000 பேர் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர் என்றும் மதிப்பிடப்படுகிறது. மழைக்காலத்தில் லெப்டோஸ்பைரோசிஸும் கவலைக்குரியது. மஞ்சள் காமாலையோடும் சிறுநீரகச் செயலிழப்போடும் கிடக்கும் நாயின் சிறுநீர் வழியே அது மனிதருக்கும் பரவும். 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பின் மும்பை அந்த நோயை நன்றாக அறியும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் அறையில் கையுறையும் பிளீச்சிங் கரைசலும் மருந்தைப் போலவே அடிப்படையானவை. மற்றொன்று மருந்துக்கடை. மனிதர் விழுங்கும் ஐபுபுரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலியில் முனகும் நாய்க்குப் பரிவோடு கொடுக்கப்படும் அரை மாத்திரை கேடாகவே முடிகிறது. கட்டடத்தை மட்டும் நம்பும் மருத்துவம் இந்தத் தகவல்களை வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. வீடு சிகிச்சை செய்யும் இடமாக அதன் கணக்கில் இல்லாததே காரணம்.

இனி முடிவைப் பற்றி. சிறுநீரகம் முற்றாகப் பழுதான நாய்க்கும் பரவிவிட்ட புற்றுநோய்க்கும் வீட்டுப் பராமரிப்பு குணம் தராது. அமைதியான சில வாரங்களைத் தரலாம். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் முன்வைத்த அளவுகோல் வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் கூடுதலா என்ற ஏழுக்கும் பத்துக்குப் பத்தாக மதிப்பெண் இடச் சொல்கிறது. மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அதன் வழிகாட்டல். மதிப்பெண் இடுபவர் அன்றாடம் அந்த நாயைத் தூக்கித் துடைப்பவர் என்பதால் அவருடைய களைப்பும் அதில் கலந்தே இருக்கும். அது குறையாகாது, ஏழு வரிகளில் எட்டாவதாகச் சேர்க்க வேண்டியது அதுதான். கருணைக்கொலையைப் பாவம் என்று அஞ்சி, மூச்சு நிற்கும்வரை வலியில் கிடத்துவதும் ஒரு முடிவுதான். தணிப்பு ஊசியோ இறுதி ஊசியோ வீட்டு வாசலுக்கே வரும் என்றிருந்தால், பலர் அந்த முடிவை வேறுவிதமாக எடுப்பார்கள். கடைசி நாளில் நாயை அந்நியக் கூண்டில் விட்டுவிட்டுத் திரும்பத் துணியாமல்தான் பலர் அதை வலியில் விடுகிறார்கள்.

இறந்தபின் உடலை என்ன செய்வது என்பதும் பராமரிப்பின் பகுதியே. புதைக்க ஒரு முழ மண்கூட இல்லாத குடியிருப்பு அது. மாநகராட்சி 2023இல் இறந்த சிறுவிலங்குகளுக்கென ஓர் எரிகூடத்தைத் திறந்தது. அது இருப்பது நகரத்தின் மறுகோடியில், மாலாடில்.